கேட்காமல் மிச்சம் வைத்த குரல்

நேற்று மாலை மாடி அறையில் நடந்தது ரூபியாவுக்கு மட்டும்தான் தெரியும். இன்று காலை வரை அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

கீழே நெய்ச்சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். மாமா ஷேக் ஃபரீத் மவுத்தாகி வருஷம் திரும்பிவிட்டது. ஜும்ஆ முடிந்ததும் ஹஜ்ரத் வந்து பாத்திஹா ஓதுவார். கடையநல்லூர்ச் சொந்தங்கள் காலை ரயிலிலேயே சங்கரன்கோவில் வந்து இறங்கிவிட்டார்கள். ரூபியாவின் கணவன் ஆரிப் தன் தறிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தான். வருஷம் முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்கும் கொல்லைச் சுவர் இன்று அசையாமல் நின்றது.

ரூபியா புதினா ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமி ஜரினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெள்ளைச் சேலையின் முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"ரூபி, இன்னைக்கு அந்தக் கடைசி ஒண்ணப் போட்டுருவோமா?"

ரூபியாவின் கை நின்றது.

"ஓதி முடிச்சு எல்லாரும் சாப்பிட்டுப் போகட்டும். அசருக்குப் பொறவு நம்ம நாலு பேரு மட்டும். என்ன சொல்லுதே?"

"சரி மாமி."

சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்லை எப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மாமாவுக்குத் தொண்டையில் வந்தது. மதுரையில் ஆபரேஷன் என்று முடிவானபோது, குரல் மிஞ்சாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஊருக்குத் திரும்பிய மாமா ஒன்றும் பேசாமல் இரண்டு நாள் இருந்தார். அப்புறம் ரூபியாவைக் கூப்பிட்டு, "இந்தப் போன்ல எப்படிப் பேசிப் பதியுறதுன்னு காட்டித் தாம்மா" என்றார். உபதேசம் எதுவும் அவர் பதியவில்லை. மத்தியான வேளைகளில் மாமியை எதிரே உட்காரவைத்துக்கொண்டு சும்மா பேசினார். பாவுநூல் விலை, குழம்பில் புளி ஏறிப்போனது, சௌதியில் தம்மாமில் லாரி ஓட்டிய காலத்தில் கூட இருந்த மலையாளி ஒருவன் விடிய விடிய விட்ட குறட்டை. நடுவில் மாமியோடு சண்டை. பின்னால் தறிச் சத்தம்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் இருந்தார். சைகையில்தான் எல்லாம். பிறகு அதுவும் இல்லை.

மாமா போனபின் மாமி வெளியே வராமல் இத்தா இருந்த அறைக்குள் ரூபியா முதல்முதலாக லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தாள். அன்று தொடங்கிய பழக்கம். வெள்ளிக்கிழமைக்கு ஒன்று. ஒரு தடவை கேட்டதை மாமி மறுபடி கேட்க மாட்டாள். அடுத்ததைக் கூடக் கொஞ்சம் கேட்கலாமே என்று மகள் ஜஸீமா கெஞ்சினாலும் விட மாட்டாள்.

"அன்னைக்கு எதுக்க உக்காந்தும் நான் ஒழுங்காக் காதுல வாங்கல. இன்னும் கேக்காதது இருக்குல்லா" என்பாள். "அது இருக்க வரைக்கும் அவுக எங்கிட்ட சொல்ல வேண்டியது பாக்கி இருக்கு."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பேசியதை மட்டும் வரிசையிலிருந்து எடுத்துத் தனியாக வைக்கச் சொல்லியிருந்தாள். வருஷ பாத்திஹாவுக்கு என்று.

அந்தக் குரல் மாடியிலிருந்த ரூபியாவின் கம்ப்யூட்டர் பெட்டியில் இருந்தது. நேற்று மாலை வரை.

*

புதினாவை வைத்துவிட்டு மாடிக்கு ஏறி, அறைக் கதவைச் சாத்திவிட்டு ரூபியா போனை எடுத்தாள். ராமசுப்பு திருநெல்வேலியில் சின்னதாக ஒரு கம்பெனி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிகளுக்கும் மில்களுக்கும் சர்வர் அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். ரூபியா வீட்டிலிருந்தபடியே அவருக்கு வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வேலை கூடாது என்று ஆரிப் ஒற்றைக் காலில் நின்றதும், மாமா குறுக்கே வந்ததும் பழைய கதை. "அவ கைவேலைய நீ புடுங்காதலே" என்று மகனிடம் மாமா சொன்னதற்கு அடுத்த வாரம்தான் அவருக்குத் தொண்டை கட்ட ஆரம்பித்தது.

"சொல்லும்மா ரூபியா. லீவு அன்னைக்குப் போன் பண்ணுதேன்னா ஒண்ணு சர்வர் எரிஞ்சிருக்கணும், இல்லன்னா நெய்ச்சோறு மிஞ்சியிருக்கணும்."

நேற்று ஓட்டிய இன்ஸ்டால் மாமாவின் டிஸ்க்கை அழித்துவிட்டதை அவள் சொன்னாள். கோர்வையாக வரவில்லை. இருந்தாலும் சொல்லி முடித்தாள்.

ராமசுப்பு மெல்லக் கேட்டார்.

"எத்தன தடவ ஓட்டினே?"

"ரெண்டு தடவ அண்ணாச்சி. மொதல்ல பாதியில நின்னுட்டு. ஏன் நின்னுச்சுன்னு பாக்காம திரும்ப ஓட்டிட்டேன்."

"ம்."

அவளுடைய வேலையே அதுதான். ஒரு மெஷினில் சிஸ்டம் ஏற்றும்போது அது வரிசையாகக் கேள்வி கேட்கும். எந்த டிஸ்க்கில் ஏற்ற, அதை எத்தனை பங்காகப் பிரிக்க, எந்தப் பங்கு எவ்வளவு பெரிது என்று. எல்லாவற்றுக்கும் ரூபியா ஒரே ஃபைலில் பதில் எழுதி வைத்திருந்தாள். மெஷினைப் போட்டால் போதும். ஒரு கேள்வியும் கேட்காமல் அதுவே டிஸ்க்கை அழித்து, பங்கு பிரித்து, ஏற்றிக்கொள்ளும். நூறு மெஷின் என்றாலும் நூறும் ஒன்றுபோலவே இருக்கும். ஆளுக்கு ஒருவிதமாகப் பங்கு பிரித்துவிட்டு, கெட்டுப்போன வேளையில் எது எங்கே என்று தேடுகிற கஷ்டம் இல்லை. அந்த ஃபைலைப் பற்றி அவளுக்குப் பெருமை இருந்தது.

அதில் டிஸ்க்கின் பெயரை 'முதல் டிஸ்க்' என்றே எழுதியிருந்தாள். முதலாவது, இரண்டாவது என்பதெல்லாம் மெஷின் விழிக்கும்போது எதை முதலில் பார்க்கிறதோ அதற்கு வைக்கிற பெயர். டிஸ்க்கோடு ஒட்டிய பெயர் அல்ல. டிஸ்க்கோடு ஒட்டியது அதன் மேல் அச்சிட்டிருக்கும் சீரியல் நம்பர். அதை எழுதினால் நூறு மெஷினுக்கு நூறு ஃபைல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டாள். கம்பெனி மெஷின்களில் இருப்பதே ஒரு டிஸ்க். குழப்பத்துக்கு இடமில்லை.

வீட்டுப் பெட்டியில் இரண்டு இருந்தன. ஒன்று, புதிதாக எழுதுவதை ஏற்றிப் பரீட்சை பார்க்க. இன்னொன்று மாமாவுடையது. "உன் பெட்டியிலயே கெடக்கட்டும், கரண்ட் போனாலும் ஓடுமே" என்று மாமாவேதான் சொன்னார். எத்தனையோ தடவை பரீட்சை ஓட்டியிருக்கிறாள். எப்போதும் முதல் டிஸ்க்குக்குத்தான் போகும். மாமாவின் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பார்க்காது என்று பழகிப்போய்விட்டது.

"நம்பரப் போட்டு எழுதுன்னு சொன்னேன்லா" என்றார் ராமசுப்பு. திட்டுகிற குரல் அல்ல.

"சொன்னீங்க."

"சரி. டிஸ்க் பெருசா?"

"பெருசு. முக்காவாசி காலி. மாமா பேசினதெல்லாம் ஆரம்பத்துல கெடந்துச்சு."

"புது சிஸ்டமும் ஆரம்பத்துலதான போய் உக்காந்திருக்கும்."

"ஆமா."

சாலையில் மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது போன் வழியே கேட்டது.

"வேற எங்கயும் இல்லியா? பேசிப் பதிஞ்ச போனு?"

"லேப்டாப்ல எதுவும் ஏத்தி வைக்கல, பெட்டியிலிருந்தே ஓடும். போன நான்தான் சுத்தமா அழிச்சு, ஜஸீமாவுக்குக் காலேஜுக்குக் கொண்டுபோகக் குடுத்தேன் அண்ணாச்சி. ஒரு வருஷம் ஆகப் போவுது."

ராமசுப்பு பெருமூச்சு விட்டார். "கொஞ்சம் எடுக்கலாம். பேரு இருக்காது, தேதி இருக்காது. எது முன்ன எது பின்னன்னு தெரியாது. அரை நிமிசத் துண்டு, கால் நிமிசத் துண்டுன்னு வரும். செலது வெறும் இரைச்சலா இருக்கும். நாளைக்கு பஸ் ஏறி வா, உக்காந்து பாப்போம். இனிமே அந்த டிஸ்க்குக்குக் கரண்ட் குடுக்காத."

"அந்தக் கடைசி நாள் பேசினது..."

"அதச் சொல்லி என்னால வாக்குக் குடுக்க முடியாதும்மா."

*

டிஸ்க்கைக் கழற்றப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

உள்ளே பஞ்சு இல்லை.

தறித் தெருவில் பஞ்சு போகாத இடம் கிடையாது. சோற்றுப் பானை மூடியிலும் குர்ஆன் உறையிலும் கொசுவலையிலும் படியும். மாதம் ஒரு தடவை இந்தப் பெட்டியைத் திறந்து பிரஷ் போட்டு எடுக்காவிட்டால் விசிறி சுற்றாது. அவள் துடைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மெல்லிய நரைபோலப் படிந்திருக்க வேண்டும். மூலைமுடுக்கெல்லாம் துணியால் ஒற்றி எடுத்ததுபோல இருந்தது. யாரோ இரண்டு டிஸ்க்கையும் கழற்றித் துடைத்து, ஒன்றுபோல இருக்கும் இரண்டு வயர்களையும் திரும்பச் செருகியிருக்கிறார்கள். இடம் மாற்றி.

"மதினி."

ஜஸீமா வாசலில் நின்றாள். ஆரிப்பின் தங்கை. கையில் மாமாவின் பழைய போன்.

"ஆமினாள் பெரிய மாமி உங்கள எங்கன்னு கேக்காவ. என்ன, முகமே சரியில்ல?"

"ஜஸீ, இந்தப் பெட்டிய யாரும் தொறந்தீங்களா?"

"உம்மாதான். போன ஞாயித்துக்கெழம நீங்க புளியங்குடி போயிருந்தீயல்லா. 'வருசத்துக்கு முன்னால அவுக இருக்க எடத்தத் துப்புரவாக்கணும், பஞ்சு அடஞ்சா மூச்சு முட்டும்'னு சொன்னாவ. நான்தான் டார்ச் அடிச்சேன். நீங்க செய்யுறத உம்மா பாத்துப் பாத்து நல்லாப் படிச்சு வச்சிருக்காவ." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஏன் மதினி?"

ஜஸீமா பெட்டியைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள். மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"போயிட்டா?"

"உம்மா தொறந்தாங்கன்னு யாரிட்டயும் சொல்லக் கூடாது. உங்க அண்ணன்ட்டயும்தான். என் மேல சத்தியம்."

ஜஸீமா தலையாட்டினாளா என்று தெரியவில்லை. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

ஹஜ்ரத் ஓதினார். ஊதுபத்திப் புகை சன்னலைத் தேடிப் போயிற்று. எல்லோரும் கையேந்தியபோது ரூபியாவும் ஏந்தினாள். என்ன கேட்பது என்று தெரியாமல் வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டின்போது மாமாவின் அக்கா ஆமினாள்தான் பேச்சைத் தொடங்கி வைத்தாள். "எந்தம்பி மாதிரி பேசுறதுக்கு ஆள் உண்டா? பள்ளியில துஆ ஓதுறப்பக் கூடப் பக்கத்துல இருக்கவன்ட்ட நூல் விலையக் கேப்பான். சௌதியில அவன் லாரியில ஏறின அரபியே பாதி வழியில எறங்கிப் போயிட்டானாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தாள்.

"அவ்வளவு பேச்சையும் இப்ப ஒரு பெட்டியில அடச்சு வச்சிருக்கீயளாம்லா" என்றாள் ஆமினாள். "எனக்கும் ஒரு நாளைக்குப் போட்டுக் காட்டுட்டி ரூபி. என்னை வஞ்சிருக்கானான்னு பாக்கணும்."

"பாப்போம் பெரிய மாமி" என்று எழுந்து டால்சா குழம்பு எடுக்கப் போனாள் ரூபியா. அடுப்படியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அசர் தொழுது முடித்ததும் மாமி கூடத்தில் பாய் விரித்தாள். ஆரிப்பும் ஜஸீமாவும் உட்கார்ந்தார்கள். விருந்தாளிகள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். மாமி முகம் கழுவி, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவள்போல உட்கார்ந்திருந்தாள். ரூபியா லேப்டாப் இல்லாமல் வந்து நின்றதை முதலில் கவனித்தவன் ஆரிப்.

"எங்க, கொண்டாரலியா?"

"போயிட்டுங்க." அவள் நின்றபடியே சொன்னாள். "நேத்து நான் ஒரு இன்ஸ்டால் ஓட்டினேன். அது மாமாவோட டிஸ்க்க அழிச்சு, அதுமேல ஏறிட்டு. நான் எழுதினதுல தப்பு. அடையாளம் சரியா எழுதல."

ஆரிப் நிமிர்ந்து பார்த்தான்.

"அழிச்சுன்னா?" என்றான் ஆரிப்.

"நாளைக்குத் திருநெல்வேலி கொண்டுபோறேன். கொஞ்சம் கெடைக்கலாம்னு அண்ணாச்சி சொல்லுதாவ. முழுசாக் கெடைக்காது."

ஆரிப் எழுந்தான். கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை. குரல் தாழ்ந்து, கரகரத்து, நோய் வந்த புதிதில் மாமாவுக்கு இருந்ததுபோலவே இருந்தது.

"உனக்காக எங்கிட்டச் சண்ட போட்ட மனுசன் ரூபி. அவரு பேசின ஒரு வார்த்தைய உன்னால பத்திரமா வச்சிருக்க முடியல."

"அண்ணே" என்றாள் ஜஸீமா. "மதினி மட்டும் இல்ல, அன்னைக்கு..."

"ஜஸீ." ரூபியா அவளைப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன அன்னைக்கு?" என்றான் ஆரிப்.

"ஒண்ணுமில்ல."

அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "நாளையோட அந்த மேல் ரூமு காலியாவட்டும். போதும் இந்த வேல." செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லை வழியாகத் தறிக்கூடத்துக்குப் போய்விட்டான். ஓடாத தறிகளுக்கு நடுவில் போய் உட்காருவான். மாமா மவுத்தான அன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

மாமி பாயைச் சுருட்டிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

*

பொழுது சாய, மஹ்ரிபுக்குக் கொஞ்சம் முன்னால் மாடிப்படியில் காலடி கேட்டது. மாமிக்கு முட்டி வலி. ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறுவாள்.

வந்தவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். ரூபியா டிஸ்க்கைப் பழைய கைலி ஒன்றில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தாள். கோமதியம்மன் கோவில் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் யாரோ எதையோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் மாமி கேட்டாள்.

"இத நான் தொறந்து தொடச்சேன். தெரியுமா?"

"தெரியும் மாமி."

"அதனாலயா?"

கேட்கப் போகிறாள் என்று தெரிந்துதான் ரூபியா மத்தியானத்திலிருந்து பதிலைத் தயாராக வைத்திருந்தாள். பொய் சொல்ல வேண்டியதில்லை என்றும் நினைத்திருந்தாள்.

"வயர் இடம் மாறினா எதுன்னு தெரியாமப் போற மாதிரி நான்தான் எழுதியிருந்தேன் மாமி. நம்பரப் போட்டு எழுதியிருந்தா யார் எப்படி மாத்தினாலும் ஒண்ணும் ஆயிருக்காது. தப்பு அங்கதான்."

மாமி அதை மெதுவாக மனசுக்குள் வாங்கினாள். அவள் உதடு எதையோ கூட்டிப் பார்ப்பதுபோல அசைந்தது.

"அப்ப மாத்தினது நான்."

எத்தனை கவனமாகச் சொன்னாலும் அது அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

"ஒரே மாதிரி ரெண்டு வயரு" என்றாள் மாமி. "எத எதுல போடன்னு நானும் யோசிச்சேன். ரெண்டும் ஒண்ணுதானன்னு சொருகிட்டேன்." தன் கையை மடியில் வைத்துப் பார்த்தாள். "அவுக மேல பஞ்சு படியக் கூடாதுன்னு தொடச்ச கை."

"மாமி..."

"ஆரிப்ட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப் போவுது."

"உன் வேல போகுதே."

ரூபியா தலையைக் குனிந்துகொண்டாள். மாமி எட்டி, பைக்குள் கைவிட்டு, கைலிக்கு மேலாகவே அந்த டிஸ்க்கைத் தொட்டாள். தூங்குகிற பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல வைத்துவிட்டு எடுத்தாள்.

"நாளைக்குப் போவியா?"

"காலைல மொத பஸ்ஸுக்கே."

"எடுத்துட்டு வந்து எங்கன வேணும்னாலும் வையி. ஆனா எவ்வளவு கெடச்சுதுன்னு எங்கிட்டச் சொல்லாத. ஒண்ணுமே கெடைக்கலன்னாலும் சொல்லாத."

"மாமி, உங்களுக்குக் கேக்க வேண்டாமா?"

"கேக்காதது இருக்குன்னு இவ்வளவு நாளு இருந்தேன். அப்படியே இருந்துக்கிடுதேன்."

சொல்லும்போது அழவில்லை. எழுந்தபோதுதான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். ரூபியா தாங்கிப் பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு மாமி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

மஹ்ரிப் தொழுகையும் முடிந்தது. கீழே கொல்லைக் கதவு திறந்தது. ஆரிப் உள்ளே வருகிறான். ரூபியா படியின் மேல்முனையில் நின்றாள்.

"ஏலே ஆரிப்பு" என்று மாமியின் குரல் கேட்டது. "இங்கன வா. எம்முன்னால உக்காரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எதப் பத்தி?"

"வாப்பாவப் பத்தி. அந்தப் பெட்டியப் பத்தியும்தான். கதவச் சாத்து."

கதவு சாத்தப்பட்டது. அதற்கு மேல் ரூபியாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.